பின்சீட்டில் காற்றே இருக்காது

ஊடோவின் நீலக் காரில் நான்கு பேர் உட்காரலாம். ஆனால் கூரையை மடக்கிவிட்டு மலைச்சாலையில் ஒரு சுற்று சுற்றி வந்தால், முன்னால் இருக்கும் இரண்டு பேர்தான் மனிதர்களாக இறங்குவார்கள். பின்னால் இருப்பவரை அடையாளம் தெரியாது. அப்படிப் பல வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து வந்தவள் ரோஸ்விதா. ஊடோவின் மனைவி கெர்லிண்டேயின் தங்கை.

ரோஸ்விதா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரு மாடியில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிளம்பழ கேக் சுட்டு எடுத்துக்கொண்டு, தலையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அவளுக்கு வாரத்தில் வெளியே போக அந்த ஒரு நாள்தான் இருந்தது.

திறந்த கார் வைத்திருக்கும் எங்கள் சங்கத்தார் ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரைக் கார் நிறுத்தத்தில் மேஜை போட்டுத்தான் கூடுவோம். அந்த வருஷம் மே மாதம் பேச்சு காற்றுத் தடுப்பின் பக்கம் திரும்பியது. அது தேவையா, தண்டமா என்று எங்கள் சங்கத்தில் ஓயாத சண்டை. முன்கண்ணாடிக்கு மேலே போகும் காற்று பின்னால் விழுந்து, சுருண்டு திரும்பி, முன்னால் இருப்பவர்களின் பிடரியில் அறையும். அதைத் தடுக்கச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கறுப்பு வலை ஒன்று உண்டு. பாதி வலை முன்சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். மீதிப் பாதி பின்சீட்டின் மேல் மூடி போலப் படுத்துக் கிடக்கும்.

"காத்து வேணாம்னா எதுக்குக் கூரையைக் கழட்டறீங்க? பஸ்ல போங்க," என்றான் ஹோர்ஸ்ட். சங்கத்தில் எதற்கும் முதல் கருத்து அவனுடையது.

"உன் மண்டையில முடி இல்ல. நீ பேசுவே," என்றாள் கெர்லிண்டே. "எனக்குக் கழுத்து பிடிச்சுக்குது."

"கொசுவலை கட்டின கட்டில் மாதிரி இருக்கும் கார்," என்றான் ஊடோ.

ரோஸ்விதா இரண்டு சீட்டுக் கார்களில் சின்னதாக இருக்கும் தடுப்பைத்தான் பார்த்திருந்தாள். தயங்கிக் கேட்டாள். "அது போட்டா பின்னாடி இருக்கிறவங்களுக்கும் காத்து குறையுமா?"

கெர்லிண்டே தங்கையைப் பார்த்துச் சிரித்தாள்.

"குறையறதா? பின்சீட்டுல காத்தே இருக்காதுடி. உனக்குத்தான் அது முதல்ல வேணும்."

ஹோர்ஸ்ட் குடித்துக்கொண்டிருந்த பீர் மூக்கு வழியாக வந்தது. சுற்றிலும் சிரிப்பு. என்ன நகைச்சுவை என்று புரியாமலேயே ரோஸ்விதாவும் சிரித்தாள்.

ஜூனில் ஊடோவுக்கு அறுபது வயது நிறைந்தது. வீட்டு முற்றத்தில் கரியடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது ரோஸ்விதா பெரிய தட்டையான பெட்டியொன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தக் காருக்கென்றே தயாரான தடுப்பு. எந்தக் கடையில் கேட்க வேண்டும் என்று கெர்லிண்டேதான் அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

ஊடோ பெட்டியைப் பிரித்தான். மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு காரில் வைத்துப் பொருத்தினான். சட்டம் சடக்கென்று இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது. பின்சீட்டு முழுவதும் கறுப்பு வலைக்கு அடியில் போய்விட்டது.

ஒரு சுற்று போய்வரலாம் என்று ஏற்கெனவே பேச்சு. ரோஸ்விதா ஸ்கார்ஃபைக் கட்டி முடித்திருந்தாள். அப்படியே நின்றாள்.

"நான் எங்க உட்காரறது?"

"அதான் சொன்னேனே," என்றாள் கெர்லிண்டே. "பின்னாடி காத்தே இருக்காதுன்னு."

இந்தத் தடவை ரோஸ்விதாவுக்குப் புரிந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிலர் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். கார் வெளியே போனது. ரோஸ்விதா ஸ்கார்ஃபை அவிழ்த்துவிட்டு, பரிசைச் சுற்றியிருந்த காகிதத்தை நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு மதியங்களில் கார் அவள் ஜன்னலுக்குக் கீழே போனது. கெர்லிண்டே கையசைப்பாள். கடைத்தெருவில் பார்த்தால், "உன் பரிசு அருமைடி, ஒரு முடி கலையல," என்பாள். "கேக் சுடறதை நிறுத்திட்டியா? ஊடோ கேட்டுட்டே இருக்கான்."

காற்றுத் தடுப்பு உண்மையாகவே நல்ல வேலை செய்தது. கழுத்து வலி போயிற்று. ஆனால் இன்னொன்றும் நடந்தது. காரில் சத்தம் குறைந்துவிட்டது. இத்தனை வருஷம் காற்று அடித்துக்கொண்டு போன கெர்லிண்டேயின் பேச்சு இப்போது ஒரு சொல் விடாமல் ஊடோவின் காதில் விழுந்தது. லாரியை முந்தாதே. இந்த கியரில் ஏன் போகிறாய். உன் அண்ணன் மருமகளைப் பார்த்தாயா. கூரை திறந்திருந்தும் அவனுக்கு மூச்சு முட்டியது. சங்கத்தில் ஒரு தடவை ஹோர்ஸ்ட், "எப்படியிருக்கு வலை?" என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்லா கேக்குது," என்று மட்டும் சொன்னான்.

செப்டம்பர் கடைசியில் புது ஒயின் வந்துவிட்டது. மேல்கரையில் உள்ள ஒரு தோட்டத்துக்கு வெங்காய கேக்கும் புது ஒயினுமாகச் சங்கம் முழுவதும் கிளம்பியது. ஊடோ காரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினான். ஹோர்ஸ்டின் கார் பின்னால் நின்றது. கெர்லிண்டே கறுப்புக் கண்ணாடியை எடுக்க உள்ளே போயிருந்தாள்.

தெருமுனையிலிருந்து ரோஸ்விதா நடந்து வந்தாள். கையில் கேக். கதவைத் திறந்தாள், முன்சீட்டில் உட்கார்ந்தாள், பெல்ட்டை மாட்டினாள்.

"ரோஸ்விதா, என்ன இது?" என்றான் ஊடோ.

"நான் வாங்கிக் கொடுத்தது வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா? கேக் சூடா இருக்கு."

கெர்லிண்டே படியில் நின்றாள். முதலில் சிரித்தாள். பிறகு கிட்டே வந்தாள்.

"விளையாடாதே. இறங்கு."

ரோஸ்விதா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குடின்னு சொல்றேன். அக்கம்பக்கத்துல பாக்கறாங்க. ஊடோ, இவகிட்ட சொல்லு!"

ஹோர்ஸ்ட் ஹாரன் அடித்தான். ஊடோ மனைவியைப் பார்த்தான், மைத்துனியைப் பார்த்தான். கேக் மணத்தது.

"ஒரு சுத்துதானே, கெர்லிண்டே. போயிட்டு உடனே வந்துடறோம்," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டான்.

ஹோர்ஸ்ட் அவளைக் கடந்து போகும்போது தன் காரின் நிரம்பிய சீட்டுகளைக் காட்டி உதட்டைப் பிதுக்கினான். கெர்லிண்டே தெருவில் நின்றாள். அவர்கள் சாயங்காலம்தான் திரும்பினார்கள்.

ரோஸ்விதா வழியெல்லாம் வாயே திறக்கவில்லை என்று ஊடோ பிறகு ஹோர்ஸ்டிடம் சொன்னான். ஆறு ஓடும் சத்தம் கேட்டதாம். அந்தக் காரில் அவ்வளவு சுகமாக ஒரு நாளும் போனதில்லையாம்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் கெர்லிண்டே கார் கொட்டகைக்குப் போய், ரொட்டி அறுக்கும் கத்தியால் வலையை மேலிருந்து கீழ் வரை கிழித்துப் போட்டாள். பிறகு வந்து காப்பி போட்டாள். ஊடோ பார்த்துவிட்டு வந்தான். அவன் கத்துவான் என்று அவள் பதில்களோடு தயாராக இருந்தாள். அவன் கத்தவில்லை.

"அது என் பிறந்த நாள் பரிசு," என்றான்.

"அவ உன் பக்கத்துல உட்காருவா, நான் பாத்துட்டு நிக்கணுமா?"

"நிக்க வேணாம். இப்ப பின்சீட்டு காலியாயிடுச்சே. யார் கிழிச்சாங்களோ அவங்க அதுல உட்காரட்டும்."

"நான் உன் பொண்டாட்டி!"

"வீட்டுல இருக்கணும்னாலும் இரு. உன் இஷ்டம்."

ஞாயிறு வந்தது. மதியம் ரோஸ்விதா வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். கெர்லிண்டே ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எஞ்சின் சத்தம் கேட்டதும் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். காருக்கு இரண்டே கதவு; முன்சீட்டை மடக்க ரோஸ்விதா இறங்கி வழிவிட வேண்டியிருந்தது. இறங்கினாள், சீட்டைச் சாய்த்துப் பிடித்தாள், அக்கா குனிந்து உள்ளே நுழைந்ததும் மறுபடி உட்கார்ந்தாள்.

மலைச்சாலையில் ஏறியதும் காற்று கெர்லிண்டேயைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் உள்ளே புகுந்தது. கண்ணில் நீர் வழிந்து காதுப்பக்கம் ஓடியது. முன்னால் இருவர் தலையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. முந்தைய வாரம் ஊமையாக வந்தவள் இன்று பேசிக்கொண்டே வந்தாள். ஊடோவின் காதோரம் சாய்ந்திருந்த ரோஸ்விதாவின் தாடை அசைந்தது. ஊடோவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான்.

"என்ன? என்ன சொன்னே?" என்று கெர்லிண்டே கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சீட்டைத் தட்டினாள். ரோஸ்விதா திரும்பி, அவளுக்கு ஒரு துண்டு கேக் நீட்டினாள். அது கைக்கு வருமுன் காற்றில் பறந்து போனது.

பெர்ன்காஸ்டல் என்ற ஊரில் காப்பிக்கு நிறுத்தினார்கள். ஊடோ கழிப்பறைக்குப் போனான். கெர்லிண்டே முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள். உதடு வெடித்திருந்தது.

"வழியெல்லாம் என்ன பேசிட்டு வந்தீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல," என்றாள் ரோஸ்விதா. "உன்னைப் பத்தித்தான்."

அக்கா அழுவாள் என்று அவள் காத்திருந்தாள். கெர்லிண்டே அழவில்லை. அழுதிருந்தாலும் காற்றின் மேல் பழி போட்டிருக்கலாம்.

அக்டோபர் முடிய எல்லா ஞாயிறும் அப்படியே போயின. குளிர்காலத்துக்குக் கார்களை உறை போட்டு மூடினோம். ஏப்ரலில் சங்கம் மறுபடி கூடியபோது, ஊடோ புதுக் காற்றுத் தடுப்பு ஒன்று வாங்கப் போவதாகப் பேச்செடுத்தான். மேஜையில் இருந்தவர்கள் கெர்லிண்டேயைப் பார்த்தார்கள். அவள் குரல் குளிர்காலத்தில் கம்மியது, இன்னும் தெளியவில்லை.

"எதுக்கு அந்தத் தண்டம்?" என்றாள். "காத்து வாங்கத்தானே திறந்த கார். எனக்குக் காத்து பிடிக்கும்."

"அப்படிச் சொல்லு!" என்று ஹோர்ஸ்ட் மேஜையைத் தட்டினான்.

ரோஸ்விதா கேக்கை வெட்டினாள். பெரிய துண்டை ஊடோவுக்கு வைத்தாள்.