மாப்பிள்ளை போட்ட ஸ்விட்ச்

அவள் கணவருக்கு சோப்பு கம்பெனி கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை. ஆனால் போனில் மூன்று வீடியோ பார்த்துவிட்டால் போதும், மனுஷன் இன்ஜினியர் ஆகிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணில் பட்டது காரின் ரேடியேட்டர் ஃபேன். இன்ஜின் சூடானால் சென்சார் சொல்லும், ஃபேன் தானாகச் சுற்றும். எட்டு வருஷமாக அது பாட்டுக்கு ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“தானா ஓடுறதை எப்படி நம்புறது? கண்ட்ரோல் நம்ம கையில இருக்கணும்” என்று ஸ்டீயரிங் பக்கத்தில் ஓட்டை போட்டார்.

அவள் மோட்டார் வைண்டிங் பட்டறையில் பதினொரு வருஷமாகச் செம்புக் கம்பி சுற்றுகிறவள். “ஏங்க, சென்சார் வயரை வெட்டாதீங்க. ஸ்விட்ச்சுக்குத் தனியா ஒரு வழி கொடுங்க. நீங்க மறந்தாலும் சென்சார் ஓட்டும்” என்றாள்.

“உன் பட்டறை மோட்டார் வேற, கார் வேற. நீ போய் உன் இன்டர்வியூவுக்குப் படி.”

படிக்க வேண்டியதுதான். புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பம்பு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் தொழில் சொல்லிக்கொடுத்த ஆட்களெல்லாம் சூப்பர்வைசராகி ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். இவளுக்கு மட்டும் பட்டறையில் எப்போதும் ‘அடுத்த தடவை பார்க்கலாம்’தான். இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் சென்சாரைப் பிடுங்கிக் கடாசிவிட்டு ஸ்விட்ச்சை மட்டும் வைத்தார். மேலே சிவப்பு விளக்கு வேறு. பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை “உனக்குப் பதற்றமா இருக்கும், நான் ஓட்டுறேன்” என்று ஏறினார். தைரியம் சொல்ல அவளுடைய அப்பாவும் கிளம்பிவிட்டார். முழங்கால் வலி என்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஃபைலோடு பின்னால் உட்கார்ந்தவள், இன்டர்வியூ கொடுக்கப்போகிறவள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆயுசு முழுக்க அவர் செய்த ஒரே சேவை, ஓடுகிற ஃபேனையும் எரிகிற லைட்டையும் அணைப்பது. உள்ளே ஆள் குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கை அணைத்துவிட்டுப் போகிற புண்ணியவான். அவர் கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பாக எரிகிற ஸ்விட்ச்!

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ். கணவர் தன் ஸ்விட்ச்சின் அருமையை விளக்கிக்கொண்டே இருந்தார். அவள் மூக்கில்தான் முதலில் அந்தச் சூட்டு வாடை ஏறியது. எட்டிப் பார்த்தாள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்விட்ச்சில் விளக்கு எரியவில்லை.

“வண்டியை அணைங்க! யாரு ஃபேனை நிறுத்தினது?”

“நான்தாம்மா” என்றார் அப்பா. “வர்ற வழியில காத்துதான் பிச்சுக்கிட்டு அடிச்சுதே. எதுக்கு வீணா கரண்டு?”

“மாமா, அது என்ன உங்க வீட்டு ஹால் ஃபேனா?”

“மாப்ளே, அணைக்கக் கூடாதுன்னா எதுக்கு ஸ்விட்ச் வெச்சீங்க?”

கேள்வி நியாயமானதுதான். மாப்பிள்ளை விடுவாரா? பதற்றத்தில் ஸ்விட்ச்சைத் திருகு திருகென்று திருகினார். அது கையோடு வந்துவிட்டது. மணி ஒன்பதரை.

அவள் இறங்கி பானெட்டைத் தூக்கினாள். ரேடியேட்டர் மூடியைத் திறக்க வந்த கணவரின் கையில் பட்டென்று ஒரு அடி. “வெந்து போகும், தள்ளி நில்லுங்க!” கைப்பையிலிருந்த நகவெட்டியால் வயரைச் சீவி, ஃபேனை நேராக பேட்டரியோடு இணைத்தாள். ஃபேன் விர்ரென்று சுற்றியது. கால் மணி நேரத்தில் முள் இறங்கியது, கேட்டும் திறந்தது. இரண்டு ஆண்களையும் பின் சீட்டில் தள்ளிவிட்டு, தானே ஓட்டினாள்.

தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது விரலை நீட்டிச் சொன்னாள். “சாவியை எடுத்தாலும் இந்த ஃபேன் நிக்காது. அஞ்சு நிமிஷம் கழிச்சு இந்த வயரைக் கழட்டிடுங்க. புரியுதா?” இருவரும் தலையாட்டினார்கள்.

அறையில் மூன்று பேர். பத்து நிமிஷம் தாமதம், விரல்களில் கரி.

“கையில என்னம்மா?” என்றார் நடுவில் இருந்தவர்.

அவள் ஒளிக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். சிரித்தவர் அடுத்த நொடி கேட்டார், “நேரா பேட்டரியில கொடுத்தா, நின்ன வண்டியில பேட்டரி தீர்ந்திடாதா?”

“தீர்ந்திடும் சார். கழட்டத்தான் ரெண்டு ஆம்பளைங்களை விட்டுட்டு வந்திருக்கேன்.”

ஒன்றரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார்கள். கடைசியில் வேலை ஆணையைக் கையிலேயே கொடுத்தார்கள். படிக்கட்டில் இறங்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் ஃபேன் முக்கி முனகி, கடைசி மூச்சாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது.

“நான் கழட்டத்தான் போனேன்” என்றார் கணவர். “மாமாதான் விடலை.”

“ஒரு தடவை அணைச்சு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா? இனிமே ஜென்மத்துக்கும் ஃபேன்ல கை வைக்க மாட்டேம்மா” என்றார் அப்பா. “அது கெடக்கட்டும், வேலை என்ன ஆச்சு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். செகண்ட் கியரைப் போட்டாள்.

“கிடைச்சிடுச்சு. எனக்குக் கீழ பன்னெண்டு பேர். இன்னைக்கு மட்டும் பதினாலு. ரெண்டு பேரும் பின்னால போய்த் தள்ளுங்க.”