நான்கு பக்கமும் கண்ணடித்த வண்டி

எட்டுப் போட்டுப் பழகும்போது வண்டி சாய்ந்ததில் சின்னவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. வண்டிக்கு வலப்பக்க முன் இண்டிகேட்டர் போயிற்று. முழங்கால் தானாக ஆறிவிடும். இண்டிகேட்டருக்கு அந்த வசதி கிடையாது. மறுநாள் காலையில் லைசென்ஸ் டெஸ்ட்.

ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை அவளுக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. "ஊசி குத்துற கை நல்லா இருக்கு. வண்டி ஓட்டுற லைசென்ஸ் எங்கே?" என்று லேப் டாக்டர் கேட்டிருந்தார். இந்த வாரத்துக்குள் காட்டாவிட்டால் அடுத்து நிற்கிற பெண்ணுக்கு வேலை. சின்னவள் போன தடவை எட்டின் இடுப்பில் காலை ஊன்றி ஃபெயில் ஆனவள். நாளைக்கு வண்டியைப் பார்த்த மாத்திரத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டால், எட்டு வரைக்கும் போகவே வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷோரூம் பூட்டியிருந்தது. மெக்கானிக் போனை எடுக்கவில்லை. திறந்திருந்தது, வண்டிக்கு ஸ்டிக்கரும் சீட் கவரும் விற்கிற அலங்காரக் கடை ஒன்றுதான்.

"கவலையை விடு. நான் இருக்கேன்ல," என்றார் அத்தான்.

அத்தான் இருப்பதுதான் கவலை என்று அக்கா முணுமுணுத்தாள். அவளுடைய கணவர் என்பதால் அவளுக்கு அந்த உரிமை உண்டு. அத்தான் ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சிப் பிரிவு மேலாளர். அதாவது, வேலை தெரிந்தவர்களை ஏசி அறையில் உட்காரவைத்து, வேலையை எந்த மனநிலையோடு அணுகவேண்டும் என்று படம் போட்டு விளக்குபவர். வீட்டில் குழாய் ஒழுகினால் 'ஒழுகல் என்றால் என்ன' என்பதிலிருந்து தொடங்குவார். தண்ணீர் படுக்கையறைக்குப் போனதும் அக்கா பிளம்பரைக் கூப்பிடுவாள்.

கடைக்குப் போன அத்தான், நான்கு எல்இடி இண்டிகேட்டர்களோடு திரும்பினார். அம்பு மாதிரி கூராக, கண்ணை உறுத்துகிற ஆரஞ்சில் எரிபவை. கடைக்காரர் சொன்னதன்பேரில், விளக்கை விட்டு விட்டு எரியவைக்கிற புது ஃபிளாஷரும் வாங்கியிருந்தார். பழைய ஃபிளாஷர் இருந்தால் எல்இடி படபடவென்று அடித்துக்கொள்ளுமாம்.

"ஒடைஞ்சது ஒண்ணுதானே அத்தான்?" என்றாள் சின்னவள்.

"ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா வண்டிக்கு மரியாதையா? எதையும் முழுமையா பார்க்கணும்மா."

முழுமையாகப் பார்த்ததில், நல்லபடியாக இருந்த மற்ற மூன்றும் போயின. கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றையும் கழுத்தோடு நறுக்கி எறிந்தார். திரும்ப மாட்டலாம் என்று யாருக்கும் ஆசை வந்துவிடக் கூடாது என்பதுபோல, விளக்குப் பக்கம் ஒரு நூல் வயர்கூட மிச்சம் வைக்கவில்லை.

மாடிக் குடியிருப்பின் கீழே, வண்டிகள் நிற்கிற இடத்தில் வேலை நடந்தது. ஒவ்வொரு வயரையும் முறுக்குமுன் அத்தான் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். கறுப்பு எர்த், கலர் கரண்ட் என்கிற ஒரு வரி விஷயம் அவர் வாயில் மேடைப் பேச்சாயிற்று. டேப் சுற்றி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இடது போடு."

சின்னவள் சுவிட்சைத் தள்ளினாள். இடப்பக்கம் இரண்டும் எரிந்தன. வலப்பக்கம் இரண்டும் எரிந்தன. நான்கும் சேர்ந்து அழகாகக் கண்ணடித்தன.

"வலது போடு."

அதே நான்கு. அதே அழகு.

பிறகு அத்தான், "இது ஒரு விதத்துல பாதுகாப்பும்மா. முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கமும் எல்லாரும் உஷாரா இருப்பாங்க," என்றார்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா குரல் கொடுத்தாள். "அவ இடது பக்கம் திரும்புறேன்னு சொல்றாளா, வழி தெரியாம நிக்கிறேன்னு சொல்றாளா? இன்ஸ்பெக்டர் கேட்பாரு, பதில் யோசிச்சு வெச்சுக்கோங்க."

அத்தான் எர்த்தைச் சந்தேகப்பட்டார். எர்த் நன்றாகப் பிடிக்கட்டும் என்று வண்டிச் சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டினார். நான்கும் எரிந்தன. வயரை இடம் மாற்றினார். நான்கும் எரிந்தன. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். தயாரித்தவனுக்குத் தரம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்றார். இன்றைய தலைமுறை எதையும் ஆழமாகப் பார்ப்பதில்லை என்றார். விளக்குகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நான்காகவே எரிந்தன.

சின்னவள் படியில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அத்தான், போன தடவை பிரேக் லைட் எரியாத ஒருத்தரை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இதை வெச்சுக்கிட்டுப் போக முடியாது. உங்களுக்குத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. நான் கோச்சுக்க மாட்டேன். யாரையாவது தேடலாம். சும்மா சமாளிச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா இருட்டிடும்."

அத்தான் வாயைத் திறந்தார். உள்ளே ஏதோ ஒரு பெரிய வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது தெரிந்தது. அது வரவில்லை.

"தெரியல," என்றார்.

மாடியில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. அக்கா கையிலிருந்த டம்ளர்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத சொல். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று இறங்கியே வந்துவிட்டாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. வாய் நின்றதில் கண் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். அத்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல்முறையாக வண்டியைப் பார்த்தார். சின்னவளும் வந்து சீட்டில் உட்கார்ந்து மறுபடி சுவிட்சைத் தள்ளினாள்.

"அத்தான், மீட்டர்ல இருக்கிற இந்தப் பச்சை லைட் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் இருக்கு."

"இடது போட்டாலும் இதுதான், வலது போட்டாலும் இதுதான்னா, இதுக்குக் கரண்ட் எங்கிருந்து வருது?"

அத்தான் மீட்டரின் அடியில் டார்ச் அடித்தார். பல்பிலிருந்து இரண்டு வயர். ஒன்றை விரலால் தடவிக்கொண்டே போனார்; இடப்பக்க இண்டிகேட்டர் வயரில் சேர்ந்தது. இன்னொன்று வலப்பக்கத்தில் சேர்ந்தது. எர்த்துக்கு எதுவும் போகவில்லை.

"இது ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு," என்றார் மெதுவாக. "இடது போட்டா, கரண்ட் இது வழியா வலது பக்கம் போய் எர்த் ஆகுது. பழைய பல்புக்கு அந்தச் சொட்டு கரண்ட் பத்தாது, அதனால சும்மா இருந்துச்சு. இந்த எல்இடிக்கு அதுவே போதும். எரிஞ்சுடுது."

"பசி கம்மியான விளக்கு," என்றாள் அக்கா. "பந்தியில மிச்சம் விழுந்ததுலயே வயிறு ரொம்பிடுச்சு."

அத்தான் பச்சை பல்பைப் பிடுங்கினார். சின்னவள் இடது போட்டாள். இடது மட்டும். வலது போட்டாள். வலது மட்டும். பத்துத் தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு அத்தானின் தோளை ஓங்கித் தட்டினாள். அவர் டார்ச்சைக் கீழே போட்டார்.

"கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற டையோடு ரெண்டு வாங்கிப் போட்டா பச்சை லைட்டும் எரியும். எலக்ட்ரானிக்ஸ் கடை நாளைக்குத்தான் திறக்கும்."

"பச்சை லைட் ஏன் எரியலேன்னு இன்ஸ்பெக்டர் கேட்டா?"

"தெரியல," என்றார் அத்தான். இந்தத் தடவை சுலபமாகவே வந்தது.

மறுநாள் மைதானத்தில், இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே "இடது" என்றார். இடது அடித்தது. "வலது" என்றார். வலது அடித்தது. மீட்டர் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற விஷயம், ஒரு கொட்டாவி முடிவதற்குள் முடிந்துவிட்டது.

"எட்டுப் போடு, போ."

சின்னவள் போனாள். எட்டின் இடுப்பில் வண்டி ஒரு நொடி தயங்கியது. வேலிக்கு வெளியே அக்கா அத்தானின் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். கால் தரைக்கு வரவில்லை. வண்டி வளைந்து, நிமிர்ந்து, கோட்டைத் தாண்டி வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டபடி, "அடுத்தவங்க," என்றார்.

வண்டியை விட்டு இறங்கிய சின்னவள் ஸ்டாண்டைப் போட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டே லேபுக்குப் போன் போட்டாள். "டாக்டர், பாஸ் பண்ணிட்டேன். நாளைக்கே வரட்டுமா?" அந்தப் பக்கத்துப் பதிலைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டாள். அக்கா அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அவரு எங்கே?"

அத்தான், வரிசையில் நின்ற ஒரு பையனின் அப்பாவைப் பிடித்து வைத்திருந்தார். அந்த மனிதர் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தார்.

"தெரியலேன்னு சொல்றதுல மொத்தம் மூணு படிநிலை இருக்கு சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார் அத்தான். "முதல் படிநிலை என்னன்னா..."