வலது பக்கத்து மெடல்

அண்ணன் கொண்டுவந்து போட்ட கடற்படைச் சீருடைக் கோட்டை இரண்டு விலாப் பக்கமும் பிரித்து அகலப்படுத்திக்கொண்டிருந்தாள் தையல்காரி. அதிகாரி பதவியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக அவருடைய வீரமெல்லாம் வயிற்றில் வந்து குடியேறியிருந்தது.

தையல் மேஜைமேல் வெல்வெட் பெட்டியில் மெடல். சண்டை முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞாபகம் வந்து, அன்று கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தது. சமையல்காரருக்கு உண்டு, முடிவெட்டுகிறவருக்கும் உண்டு. அண்ணன் மட்டும் ஏதோ எதிரிக் கப்பலை ஒற்றைக் கையால் கவிழ்த்ததற்குக் கிடைத்ததுபோல் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பாராட்டு விழா வேறு.

கிடைக்காத ஒரே ஆள் தையல்காரியின் புருஷன். அதே கப்பலின் இயந்திர அறையில் நீராவிக் குழாய் வெடித்தபோது வெறுங்கையால் வால்வை மூடியவர். வெந்த விரல்கள் சுருண்டது சுருண்டதுதான். சட்டைப் பொத்தானை இன்றைக்கும் அவள்தான் போட்டுவிடுகிறாள். அந்த நேரம் அண்ணன் மேல்தளத்தில் வாளியைக் கட்டிப்பிடித்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். இற்றுப்போன குழாயை மாற்றாமல் கப்பலைக் கிளப்பியது அவர்தான். அது வெளியே வராமலிருக்க, அவள் புருஷன் ‘கைக்காயத்தால் சண்டைக்கு முன்பே கரையில் இறங்கிவிட்டார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கப்பலில் இல்லாதவருக்கு ஏது மெடல்?

“அண்ணே, இன்னிக்கு மேடையில ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. வால்வை மூடினது மாப்பிள்ளைதான்னு. மெடல்கூட வேணாம்.”

“மேடையில குடும்பக் கதை எதுக்கும்மா?”

“அவரு கை வெந்தது குடும்பக் கதையா?”

“மாப்பிள்ளையே வாயைத் திறக்கல. நீ ஏன் குதிக்கிறே? எதிரிக்கே தண்ணி காட்டினவன் நான், தெரியும்ல?”

“நீ காட்டின தண்ணியெல்லாம் வாளிக்குள்ளதான் இருந்துச்சு.”

அண்ணன் முகம் சிவந்தது. “வாய் ரொம்ப நீளுது. தைக்கிற வேலையை மட்டும் பாரு!”

சரி என்று தைக்கிற வேலையைப் பார்த்தாள். ஊசியில் இரட்டை நூல் கோத்தாள். மெடலைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

முன்பொரு முறை, இறந்துபோன மாலுமியின் மெடலை அவன் மனைவியின் உடுப்பில் தையல்காரி தெரியாமல் இடது பக்கம் தைத்துவிட்டபோது, இதே கடையில் நின்றுதான் அண்ணன் கத்தினார்: “சம்பாதிச்சவன் இடது பக்கம் குத்தணும். அடுத்தவன் சம்பாதிச்சதுன்னா வலது பக்கம். மாத்திக் குத்தினா மானம் கப்பலேறிடும்!”

கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து மாட்டிவிட்டாள். வயிற்றை உள்ளிழுப்பதில் மும்முரமாக இருந்த அண்ணன் குனிந்தே பார்க்கவில்லை. நிலைக்கண்ணாடியைப் பார்த்தார். பக்கத்தில், மாதிரிக்காக மாட்டியிருந்த யாரோ ஒரு தளபதியின் புகைப்படத்தையும் பார்த்தார். படத்தில் மெடல் எந்தப் பக்கம் தெரிந்ததோ, கண்ணாடியிலும் அதே பக்கம். கண்ணாடிக்குள் இடமும் வலமும் மாறும் என்பது அதிகாரிக்குத் தோன்றவில்லை. “பேஷ்!” என்று மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பினார்.

மண்டபத்தில் அண்ணன் கழுத்தில் மாலை விழுந்தது. அதை உடனே கழற்றிவிட்டார், மெடலை மறைக்கிறதாம். “கொதிக்கிற வால்வை நானே இந்தக் கையால...” என்று மைக்கில் ஆரம்பித்தபோது, முன்வரிசையில் காது மந்தமான கிழட்டு கேப்டன் ஒருவர் தடியை ஊன்றி எழுந்தார்.

“என்னப்பா, வலது பக்கம் குத்தியிருக்கே! யாரோடது அது? பாவம், செத்துட்டாரா?”

முதலில் கடற்படைக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு விஷயம் காதுக்குக் காது போய் மண்டபமே சிரித்தது. அண்ணன் அப்போதுதான் குனிந்து பார்த்தார். பிடித்து இழுத்தார். இரட்டை நூல், வரவில்லை.

“தையல்காரி தப்பு...” என்று மைக்கிலேயே உளறினார்.

கடைசி வரிசையில் அவள் எழுந்தாள். “உட்காரும்மா” என்று முணுமுணுத்த புருஷனின் சுருண்ட கையைப் பிடித்து உயரத் தூக்கினாள்.

“சாகலை சார், உயிரோடதான் இருக்காரு! வால்வை மூடின கை இதுதான். கொதிக்கிற வால்வைத் தொட்ட கை எப்படியிருக்கும்னு, எங்க அண்ணன் கையையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க!”

மண்டபத்தில் சிரிப்பு நின்றது. எல்லோருடைய கண்ணும் மைக்கைப் பிடித்திருந்த வழவழப்பான கைக்குப் போனது. அண்ணன் அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“இவரு கப்பல்லயே இல்லேன்னு எழுதினியே அண்ணே,” என்றாள் அவள். “இப்ப அதே கப்பல்ல உன் மானம் ஏறிப் போகுது பாரு.”