கொண்டை ஊசிகள் போகும் இடம்

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களின் வாயை உருக்கி மூடும் வேலை பார்த்தவர், அந்தக் குளிர்காலத்தின் முதல் வாரத்திலிருந்து கரண்டிகளை இழுக்கத் தொடங்கினார். அங்கே இரும்பே கலக்காத காந்தம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். கறுப்புத் தூள், காற்றுப் பட்டால் கெட்டுவிடும், சூடு ஏறினால் பிடிப்பு போய்விடும், குளிரில்தான் காந்தம். அதற்குச் சற்று முன்பு ஒருநாள் அவர் கையிலிருந்த குழாய் வெடித்து, தூள் மூச்சோடு உள்ளே போய்விட்டது. இயக்குநர் ஜன்னலைத் திறந்துவிட்டு, இதை வெளியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றார்.

வீட்டில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. வெளியிலிருந்து குளிரோடு அவர் உள்ளே வந்தால் மனைவியின் கொண்டை ஊசிகள் கழன்று போய் அவர் மார்பில் ஒட்டிக்கொண்டன. அடுப்பருகே உட்கார்ந்ததும் உதிர்ந்தன. அவள் பொறுக்கித் தலையில் செருகிக்கொண்டாள். “பொண்டாட்டி ஒட்டலைன்னாலும் கரண்டியாவது ஒட்டுதேண்ணா” என்று நாத்தனார் கேலி செய்தாள். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது, இருமலில் கறுப்பு வந்தது. பனி விலகுவதற்குள் இறந்துபோனார்.

குழாய் எதுவும் வெடிக்கவில்லை, அவர் பழைய நெஞ்சு நோயாளி என்றது ஆய்வுக்கூடம். நடந்ததை நடந்தது என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் மனைவிக்கு வேண்டியிருந்தது. அத்தாட்சி பிணவறையிலேயே இருந்தது. மற்றவர்கள் கிடந்த இரும்புத் தட்டுகள் அவர் பக்கமாக நகர்ந்து வந்தன. பிணவறைக்காரர் காலைதோறும் முணுமுணுத்துக்கொண்டே அவற்றைத் தள்ளி வைத்தார். விசாரணை அதிகாரி நேரில் வந்து பார்க்க ஒப்புக்கொண்டார்.

அன்று இயக்குநர் முன்னதாகவே வந்து, உடலைப் பக்கத்து அறை மேசையில் கிடத்தச் செய்திருந்தார். மனைவியைப் பார்த்ததும், “பாவம், நடுங்கறாங்க. அந்த ஹீட்டரைப் போடுங்கப்பா” என்றார். அவள் கண் கலங்கிவிட்டது. “ரொம்ப நன்றிங்க ஐயா” என்றாள். அதிகாரி வர வெகுநேரமானது. அறை இதமாகியிருந்தது. அதிகாரி அவளுடைய கொண்டை ஊசி ஒன்றை வாங்கி உடலின் மார்பில் வைத்தார், வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார், விழுந்தது. அப்போதுதான் அவள் ஹீட்டரைப் பார்த்தாள், பிறகு இயக்குநரை. அவர் தன் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் ஆறட்டுங்க ஐயா. ஆறினப்புறம் வச்சுப் பாருங்க” என்றாள்.

அதிகாரி கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

புதைத்து வருடங்களாகிவிட்டன. மண் உறையும் மாதங்களில் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு தானாக உள்பக்கம் திறந்துகொள்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொள்கிறார்கள். இயக்குநரின் கார் மட்டும் சுற்றுப்பாதையில் போகிறது. மனைவி வந்து நின்றால் ஊசிகள் ஒவ்வொன்றாகக் கழன்று மண்ணில் போய்க் குத்திக்கொள்கின்றன. அவள் தலைமுடி அவிழ வீடு திரும்புகிறாள். வெயில் ஏறி அவர் பிடியை விட்டதும், போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறாள்.