எரித்தவன் ஓடிய ஊர்

ஓனிகுரா தோசென் பதினோரு வருஷத்தில் நாற்பத்து மூன்று ஊர்களைக் கொளுத்தினான். அந்த நாற்பத்து மூன்று ஊர்களிலிருந்தும் குசுனோசே இவாவோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். இரண்டு வேலையையும் செய்தது ஒரே தொண்டைதான்.

சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஓடும் சாமுராய் அனிமேஷன் தொடர் அது. ஓனிகுரா அதில் ஈவிரக்கமில்லாத படைத்தலைவன். சரணடைந்தவனையும் விடமாட்டான், சொந்தத் தம்பி பிள்ளைகளையே கிணற்றில் தள்ளியவன். அவனுக்குக் குரல் கொடுத்தவர் இவாவோ. டோக்கியோவில் இந்த வேலை செய்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகனோ வில்லனோ, தன் வசனம் முடிந்ததும் எல்லோரும் மைக்கைச் சுற்றிக் கூட்டமாக நின்று ஊர்ச் சத்தம் கொடுக்க வேண்டும். சந்தை இரைச்சல், திருவிழா, தீப்பிடித்த தெரு. அதற்கென்று எழுதிய வசனம் கிடையாது. வாயில் வருவதைச் சொல்ல வேண்டியதுதான். அதனால் ஊரைக் கொளுத்தச் சொன்ன அதே வாய், கால் மணி நேரம் கழித்து தண்ணீர் கேட்டு அலறும்.

அந்தப் புதன்கிழமை ஓனிகுரா சாக வேண்டிய நாள். வெள்ளிக்கிழமை இவாவோவின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். உள்ளே கட்டி. அதுவரை பேசாமல் இருந்தால் நல்லது என்று மருத்துவர் சொன்னார். இவரால் முடியாது என்பது அவருக்கும் தெரியும். மிச்சமிருந்த குரலில் பாதி வேலைக்கு, பாதி வீட்டுக்கு என்று இவாவோ தன் மனைவி சுமியேவிடம் பேசி வைத்திருந்தார். வியாழக்கிழமை முழுக்க தன்னிடம்தான் பேச வேண்டும், திட்டினாலும் பரவாயில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். ஒலிக்கூடத்தில் இந்தச் சங்கதி இயக்குநர் ஹதானகா அம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

படியிறங்கி நிலவறையில் இருந்த ஒலிக்கூடத்துக்குள் நுழைந்தபோதே கோம்யோ பிடித்துக்கொண்டான். கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பவன், ஐம்பது வயது ஆள்.

"பிரபுவே, இன்னைக்கு உங்க தலையை எடுக்கப் போறேன். கழுத்தைக் கழுவிட்டு வந்தீங்களா?"

இவாவோ சிரித்துக்கொண்டே சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹதானகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படம் இன்னும் வரைந்து முடியவில்லை. எப்போதும் அப்படித்தான். திரை முழுக்க வெள்ளை, அதில் பென்சில் கோடுகள். பாதிக் கூரை, கால் இல்லாத குதிரை, முகம் இல்லாத ஜனங்கள். யார் பேச வேண்டுமோ அவர் பெயருக்குக் கீழே சிவப்புப் பட்டை ஒன்று எரியும். அது அணையும்வரை பேச வேண்டும். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பனி பெய்து மூடிய ஊருக்குள் தனியாக நிற்பதுபோல இருக்கும். காலுக்கடியில் தரை இருப்பதே மறந்துபோகும்.

சிவப்புப் பட்டை எரிந்தது. எரியும் கோட்டைவாசலில், நெஞ்சில் ஈட்டியோடு, ஓனிகுரா நின்றான்.

"கொளுத்து. நான் நிக்கிற இடத்தையும் சேர்த்துக் கொளுத்து."

அதற்குப் பின்னால் ஒரு கர்ஜனை. இவாவோ அடிவயிற்றிலிருந்து எடுத்தார். தொண்டைக்குள் ஏதோ நூல் நூலாகப் பிரிந்தது. பட்டை அணைந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

யாரும் கைதட்டவில்லை. ஸ்பீக்கரில் ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார், பேப்பர் சத்தம் விழுந்திருக்கிறதாம். பக்கத்து மைக்கில் நின்ற புதுப் பெண் மிஃபுயுவின் முகம் வெளுத்துப்போனது. கர்ஜனையைக் கேட்டுத் திடுக்கிட்டதில் வசனத்தாளை உரசிவிட்டாள். இந்தத் தொழிலில் சரசரக்கிற சட்டை போட்டுக்கொண்டு வந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாள் சத்தம் விழுந்தால் மறுபடி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மறுபடி எடுத்தால் வீட்டுக்கு வைத்த பாதியும் போய்விடும். இவாவோ மைக் பக்கம் நகர்ந்தார். ஹதானகா கையை உயர்த்தி நிறுத்தினாள். பதிவை ஓட்டச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தரமும் கேட்டாள்.

"காய்ஞ்ச கூரை பத்திக்கிற மாதிரியே இருக்கு. நெருப்புச் சத்தத்தோட சேர்ந்துடும். இதையே வச்சுக்கறேன்."

மிஃபுயு தரையைப் பார்த்தபடி குனிந்து வணங்கினாள். இவாவோ அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஊர்ச் சத்தம் மட்டும் பாக்கி. அவர் கிளம்பலாம் என்று ஹதானகா சொல்லிவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக் கதவுப் பிடியில் கையும் வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தார்.

திரையில் அந்த ஊர் வெள்ளையாகக் கிடந்தது. தெரு, தெருக்கோடியில் பாலம், பாலத்தை நோக்கி ஓடும் கோட்டுருவங்கள். ஒன்றுக்கும் கண்ணில்லை, வாயில்லை. இந்த ஊரிலிருந்து மட்டும் இன்னும் ஓடவில்லையே என்று நினைத்தார். கடைசியாக மைக்கில் விட்ட வார்த்தை 'கொளுத்து'. அதோடு வாயை மூடிக்கொண்டு போய்ப் படுக்க வேண்டுமா?

பையை இறக்கி வைத்தார். கூட்டத்தின் பின்னால், மைக்குக்கு இரண்டு அடி தள்ளி நின்றார். ஹதானகா கண்ணாடியில் தட்டினாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பட்டை எரிந்தது. எல்லோரும் கத்தினார்கள். இவாவோ கத்தவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சுமியே, வெளிய வா. பாலத்துப் பக்கம் வா."

ஓர் உருவம் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. பென்சில் கோடுதான். ஆனாலும் அதற்குக் கண் வந்துவிட்டது. அவர் வெள்ளைக்குள் நடந்தார். மீன்கடை எய்கோவைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்துச் செத்துப்போன ஷிகேசோவைக் கூப்பிட்டார். பேருந்தில் தினமும் வணக்கம் சொல்லும் ஓட்டுநரை, பெயர் தெரியாததால், 'நீலத்தொப்பி' என்று கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றுக்கும் முகம் வந்தது. சாம்பல் பனிபோல விழுந்துகொண்டிருந்தது, சுடவேயில்லை. முன்னால் கோம்யோவின் அலறல், மிஃபுயுவின் அழுகை, எல்லாம் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து கேட்டன. கடைசி ஆள் பாலம் ஏறுகிறவரை கூப்பிட்டார்.

பட்டை அணைந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சுமியே கதவைத் திறந்து அவர் வாயைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"என் பங்கையும் விட்டுட்டு வந்துட்டீங்களா? எங்கே விட்டீங்க?"

அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். நான் எரிச்ச ஊர்ல. எல்லாரையும் வெளிய கூப்பிட்டேன்.

அவள் இரண்டு தரம் படித்தாள். கோபத்தில் காது சிவந்திருந்தது.

"எரிச்சவனே வாசல்ல நின்னு கூப்பிட்டா எவன் நம்பி வருவான்?"

இவாவோ தாளை வாங்கினார். கீழே ஒரே வரி எழுதினார்.

நீ வந்தே.

சுமியே நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டுக்கொண்டாள். அப்படியானால் நாளைக்குத் தான்தான் பேச வேண்டும் என்றாள். நாளை வரை காத்திருக்காமல் அப்போதே ஆரம்பித்துவிட்டாள்.