உருவ மறந்த பைப்

விலாவில் பிடித்த வலி இடுப்பைச் சுற்றித் தொடைச் சந்துக்கு இறங்கியது. சுப்பண்ணன் ரிக் லாரி டயரில் கையை ஊன்றிக்கொண்டு ஒன்றுக்குப் போனார். சொட்டுச் சொட்டாக வந்தது, அதுவும் சிவப்பாக. வெள்ளகோவில் சுற்று வட்டாரத்தில் இருபது வருஷமாகப் போர்வெல் போடுகிறவர் அவர். மனைவி மயிலாத்தாள் அன்றைக்கே அவரைக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் கிட்னிக் கல் எடுத்த டாக்டர் சுந்தரராஜுலு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். மூத்திரம் இறங்க அப்போது வைத்த மெல்லிய டியூப் இன்னும் உள்ளேயே கிடந்தது. இரண்டு முனையிலும் கல் திரண்டிருந்தது.

"மூணு மாசத்துல வாங்க, டியூபை எடுக்கோணும்னு சீட்டு எழுதிக் குடுத்தனே?"

"சீட்டு டூல்ஸ் பெட்டியில பத்திரமா இருக்குதுங்க."

"அப்பறம் ஏன் வரலை?"

"வலி நின்னுபோச்சுங்க. போர்ல மண்ணு சரியாம இருக்க கேசிங் பைப்பு எறக்கறமுங்க. எறக்குனதை ஆராச்சும் உருவுவாங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இப்ப அப்பிடியே இழுத்தாக் கிழிஞ்சுரும். கல்லை உடைச்சுத்தான் எடுக்கோணும். முடியலைன்னா அந்தக் கிட்னியே போயிரும்."

மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு சொன்னாள்: "உடைங்க டாக்டர். இவரு உடைக்காத பாறையா? ஒருக்கா இவரும் வாங்கட்டும்."

மூன்று வாரத்தில் இரண்டு முறை மெஷினில் படுக்க வைத்து மேல்முனைக் கல்லைத் தூளாக்கினார்கள். கீழ்முனைக் கல்லை மூத்திரப்பைக்குள் கருவி விட்டு நொறுக்கினார்கள். டியூப் அறுபடாமல் முழுசாக வந்தது. கிட்னி தப்பியது.

டாக்டர் அந்த டியூபைக் குப்பியில் போட்டுக் காட்டியபோது சுப்பண்ணன் கத்தியே விட்டார். "அட, உப்புத் தண்ணி போர்ல மோட்டார் பைப்பு இப்பிடியேதானுங்க பூத்துக் கெடக்கும்!"

"எந்தோட்டத்துலயும் ஒண்ணு அப்பிடித்தான் மாட்டிக் கெடக்குது. ஆறு மாசமாச்சு, ஆராலயும் அசைக்க முடியல" என்றார் டாக்டர்.

"நான் உருவித் தாரனுங்க. நாளைக்கே வாரேன்!"

"ரெண்டு மாசத்துக்கு நீங்க ஒரு கொடம் தண்ணி தூக்கக் கூடாது."

மறுநாள் காலை, போரில் தண்ணீர் பீறிட்டதும் அளவு சொல்லிக் கத்துவதுபோல், கக்கூஸுக்குள்ளிருந்து அவர் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"அம்மணி! ரெண்டு இஞ்சு தண்ணி!"

"ஏனுங்க, மானத்தை வாங்காதீங்க" என்றாள் மயிலாத்தாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள்.

டாக்டர் அவருடைய பைப்பை உருவிக் கொடுத்துவிட்டார். டாக்டர் தோட்டத்துப் பைப்பைச் சுப்பண்ணன் உருவித் தருவது இன்னும் பாக்கி.