காலிக் கட்டம்

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அடுத்த வருடத்துக்கான கால அட்டவணை போடுவது பதினோரு வருடமாக என் வேலை. கணக்கு டீச்சர்தானே, கட்டம் போடத் தெரியும் என்று என் தலையில் கட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு பெரிய வெள்ளை அட்டை இருக்கும். குறுக்கே கிழமைகளும் பீரியடுகளும், நெடுக்கே வகுப்புகள். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு நிறத்தில் சின்னச் சின்னச் சீட்டு. இயற்பியலுக்கு நீலம், மொழிப்பாடத்துக்குப் பச்சை, விளையாட்டு மாஸ்டருக்கு ஆரஞ்சு. முதல் வருடம் சீட்டு வெட்டிக்கொண்டே வந்து, என் முறை வரும்போது நிறக் காகிதம் தீர்ந்துபோனது. அப்போது நான்தான் எல்லோரிலும் சின்னவள். "எனக்கு எதுக்கு சீட்டு? காலியா இருக்கிற கட்டமெல்லாம் நான்தான்னு வச்சுக்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாயை அன்றைக்கே தைத்துப் போட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குக் கடைசி பீரியட் ஆகாது, ஒருவருக்கு மதியம் சாப்பிட்டால் தூக்கம் வரும். வந்து நைசாகத் தங்கள் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். கட்டம் காலியாகும். காலியானால் அது நான். அத்தனை வகுப்புக்கும் நோட்டுத் திருத்தி முடித்துச் சாயங்காலம் வீடு போய்ச் சேர ஆறரை ஆகும். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, எங்கள் மகள் அவரோடு போனதற்கும் அதுதான் காரணம். அங்கே பக்கத்துத் தெருவில் அவளுடைய பெரியம்மா, என் அக்கா, இருக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைத் திறக்க ஒரு ஆள். இங்கே பூட்டுதான் இருக்கும். அப்போது அவளுக்கு ஏழு வயது. இப்போது ஒன்பது.

அந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை, கையில் விடுவிப்புக் கடிதத்தோடு போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் எனக்கு அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் தலைமையாசிரியர். நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி பார்ப்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். "அடுத்த வருஷ அட்டவணைய முடிச்சு ஆபீஸ்ல குடுத்துடுங்க டீச்சர். ஸ்கூல் கடைசி நாள் மூணு மணிக்குக் கையெழுத்து" என்று சொல்லியிருந்தார். மூன்றரைக்கு அவர் கிளம்பினால் பள்ளி திறக்கும்வரை ஆளைப் பிடிக்க முடியாது.

அந்தக் கடைசி நாள் வந்தது. விடியற்காலையே போய் உட்கார்ந்தேன். முதல் தடவையாக ஒருவருக்கும் இரக்கம் பார்க்கவில்லை. முதுகுவலிக்காரருக்கு மாடி வகுப்பு, தூக்கக்காரருக்கு மதியத்தில் மூன்று பீரியட். பதினொன்றரைக்கு எல்லா நிறமும் ஒட்டி முடிந்தது. மீதி இருபத்தெட்டுக் கட்டங்கள். எனக்குப் பதிலாக வரப்போகிற ஆசிரியருக்கானவை. அவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. வந்து தனக்குப் பிடித்த நிறத்தைத் தானே எடுத்துக்கொள்ளட்டும், எனக்குக் கிடைக்காத மரியாதை அவருக்காவது கிடைக்கட்டும் என்று அவற்றை அப்படியே விட்டேன்.

அட்டையைக் கழற்றி, ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்தேன். எதைக் கண்டாலும் ஒட்டி வைக்கிற பழக்கத்தால் அவனுக்குக் கோந்து என்று பெயர். அவன்தான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் துறைக்கு அனுப்புவான். "சாப்பாட்டுக்கு முன்னாடி அனுப்பிடறேன் டீச்சர்" என்றான். தங்கமான பையன் என்று நினைத்தேன்.

மதியம் முழுக்கப் பிள்ளைகளிடம் பாடப்புத்தகங்களைத் திரும்ப வாங்கினேன். அட்டை கிழிந்தவை ஒரு குவியல், மீசை வரைந்தவை ஒரு குவியல். வெளியே ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் எழுதிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி புத்தகத்தை நீட்டிக்கொண்டே, "நீங்க போறீங்களாமே மிஸ்?" என்றாள். ஆமாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். வருடக் கடைசியில் எனக்கும் பள்ளிக்கூடம் விடுகிறது என்று அப்போதுதான் உடம்புக்கே உறைத்தது. சின்னப் பிள்ளை போலச் சிரிப்பு வந்தது.

மூன்று மணிக்குத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். என் கடிதம் அவர் முன்னால் இருந்தது. பேனாவின் மூடியும் திறந்திருந்தது. ஆனால் அவர் வேறு ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், மனசு மாறிட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். துறைக்குப் போன அட்டவணையின் நகல். திங்கள் இரண்டாவது பீரியடில் என் பெயர். நான்காவதில் என் பெயர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடிலும் என் பெயர். இருபத்தெட்டு இடத்திலும் நான்தான்.

கோந்தைக் கூப்பிட்டார்கள். அவன் முகத்தில் பெருமை. "காலியா இருந்தா நீங்கதானே டீச்சர்? வருஷா வருஷம் அப்படித்தானே போடறேன். கேக்கவே வேணாம்னு நானே போட்டுட்டேன்."

"நான் போறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர். காலியா விட்டிருந்தீங்களா, சரி, போகலை போலன்னு நினைச்சேன். சந்தோஷப்பட்டேன்."

அவனை அறையலாம் போல இருந்தது. எதற்கு அறைவது? அவன் படித்தது நான் சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு துண்டுச் சீட்டில் 'புதியவர்' என்று எழுதி ஒட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"இப்பவே மாத்திடுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"துறையில ஒரு மணியோட மூடிட்டாங்களே. இனி ஸ்கூல் திறந்தப்புறம்தான் திருத்தம். இருபத்தெட்டு பீரியட் உங்க பேர்ல இருக்கு. உங்களை விட்டுட்டா என் தலைதான் உருளும்." மணி பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. முகம் நிஜமாகவே வாடியிருந்தது. ஆனாலும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "ஒரு வருஷம்தானே டீச்சர். ஓடியே போயிடும்."

மூன்றரைக்கு அவர் கார் வெளியே போனது. நான் ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது கோந்து அட்டையைப் பழைய இடத்திலேயே மாட்டியிருந்தான். நான்கு மூலையிலும் பசை தடவி அழுத்தி வேறு விட்டிருந்தான். நகத்தால் ஒரு மூலையைப் பெயர்க்கப் பார்த்தேன். வரவில்லை. கோபத்தில் அழுதேன். வராந்தாவில் வாட்ச்மேன் ஒவ்வொரு வகுப்பாகப் பூட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

அப்போது மகள் போன் செய்தாள்.

"அம்மா, நானும் ஒரு டைம்டேபிள் போட்டிருக்கேன், நம்ம வீட்டுக்கு. படிக்கட்டுமா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"திங்கக்கிழமை. காலைல ஏழு மணி, ஜடை பின்றது, அம்மா. ஏழரை, டப்பா கட்டறது, அப்பா. சாயங்காலம் நாலு மணி, கதவு திறக்கறது, அம்மா. அஞ்சு மணி, சைக்கிள், அம்மா."

"குட்டி, அம்மாவால இந்த வருஷம் வர முடியலடா."

அந்தப் பக்கம் பென்சிலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மான்னு எழுதின இடத்துல எல்லாம் அப்பான்னு போட்டுக்கோ, சரியா?"

"அப்பாவுக்கு ஜடை பின்னத் தெரியாது."

"பெரியம்மான்னு போடு."

"பெரியம்மா வலிக்க வலிக்க இழுப்பாங்க."

வாசலில் வாட்ச்மேன் வந்து நின்றார். கையில் சாவிக்கொத்து. ஒரு நிமிஷம் என்று கை காட்டினேன். போனில் ரப்பரால் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஒரு கட்டம், அடுத்த கட்டம் என்று விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றது.

"அழிச்சுட்டேம்மா. ஆனா வேற யார் பேரும் போடலை. காலியாவே விட்டிருக்கேன்."